தட்டிக்குப் பின்னால் கொதித்த கஞ்சி

எங்கள் சபையில் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம், அளந்து வைத்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து ஒரு தனிக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கலயத்தைத் துணிப்பையில் கவிழ்த்துக்கொண்டு கோயிலுக்கு வர வேண்டும். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். காணிக்கைப் பாட்டு பாடும்போது ஒவ்வொருவராக எழுந்து போய், பீடத்துக்குக் கீழே இருக்கும் பெரிய தகர டின்னில் அரிசியைக் கொட்டிவிட்டு வருவோம். பிடி அரிசி என்று அதற்குப் பெயர். வாத்தியார் வீட்டுச் சன்ன அரிசியும், சேரியிலிருந்து வரும் ரேஷன் அரிசியும், கல்லும் நெல்லும் நொய்யும் எல்லாம் அந்த ஒரே டின்னில்தான். கொட்டிவிட்ட பிறகு எது யார் வீட்டு அரிசி என்று சாமியாலும் பிரிக்க முடியாது.

"பிடின்னா பிடிடா. ரெண்டு விரலால கிள்ளிப் போட்டுட்டு பிடி அரிசின்னு பேரு வெக்கக் கூடாது" என்பார் சின்னம்மா. அவருடைய கை பெரிய கை. அவர் ஒரு பிடி போட்டால் எங்கள் வீட்டில் இரண்டு பிடிக்குச் சமம்.

சின்னம்மா எனக்குச் சொந்தம் இல்லை. சபையில் பாதிப் பேருக்கு அவர் சின்னம்மாதான். புருஷன் செத்துப் பல வருஷம், பிள்ளை குட்டி கிடையாது, சேரியின் கடைசியில் ஒற்றைக் குடிசை. கோட்டை மலைப் பக்கம் போய்ச் சுள்ளி ஒடித்துக் கட்டாகக் கட்டிக் கடைத்தெருவில் விற்பது பிழைப்பு. கோயிலைப் பெருக்குவது, மணி அடிப்பது, கிறிஸ்துமஸ் அன்பின் விருந்துக்கு அண்டா ஏற்றிச் சமைப்பது, இதெல்லாம் யாரும் கேட்காமல் அவராக எடுத்துக்கொண்ட ஊழியம். ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்குச் சோறு வடித்தாலும் ஒரு பருக்கை குழையாது. உப்பைக் கையால்தான் போடுவார், நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். கேட்டால், "அண்டா கொதிக்கற சத்தத்துலயே தெரிஞ்சிடும்டா" என்பார். நானும் பல தடவை காதை வைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கொதிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

நானும் அதே சேரியில் பிறந்தவன்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மீதிப் படிப்பெல்லாம் கடைக்கு வருகிறவர்களின் வாயைப் பார்த்துப் படித்தது. செஞ்சிக் கடைத்தெருவின் ஒரு கோடியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். சிங்கவரத்து ஆட்கள், சந்தைக்கு அவலூர்பேட்டை போகிறவர்கள், தாலுகா கச்சேரிக்கு வருகிறவர்கள் என்று எல்லாச் சாதிக்காரர்களும் என் சைக்கிளை எடுத்துப் போவார்கள். "ஒங் கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டான். ஒங் கையால தொடச்ச சீட்டுல மட்டும் ஏறி ஒக்காந்துக்கறான் பாரு" என்று சின்னம்மா சிரிப்பார். மலையிலிருந்து இறங்கும் வழியில் என் கடைப் பந்தலில்தான் கட்டை இறக்கி வைப்பார். ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார், என்னை நாலு திட்டு திட்டுவார், பிறகு "தூக்கி உடு" என்பார். நான் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துவிடுவேன். தினமும் நடக்கிற காரியம் அது.

அந்தச் சமயத்தில் எங்கள் சபைக்கு ஒரு புதுப் போதகர் வந்திருந்தார். போதகரை ஐயர் என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். வந்த மாதமே கோயிலில் சாதி பார்த்து இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள் என்று பாய் போட்டு உட்காருவதை நிறுத்தினார். நற்கருணைக்கு எல்லோருக்கும் ஒரே கிண்ணம் என்றார். இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போய்விட்டன. "போறவங்க கதவச் சாத்திட்டுப் போவாதீங்க, திரும்பி வர வேண்டியிருக்கும்" என்று ஐயர் வாசலில் நின்று சொன்னார். மற்றவர்களுக்கு அவர் மேல் பிரியம் கூடிவிட்டது.

அவர்தான் எங்களைக் கடைத்தெரு ஓட்டலுக்கு அழைத்துப் போனார். அந்த ஓட்டலில் எங்கள் ஆட்களுக்கு என்று தனி டம்ளர், வெளியே ஆணியில் மாட்டியிருக்கும். குடித்துவிட்டு நாமே கழுவி மாட்ட வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலையில் ஐயரும் வாத்தியாரும் நானும் இன்னும் சிலரும் உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தோம். சின்னம்மாவும் வந்தார். உள்ளே இருக்கிற டம்ளரில் டீ கொடு என்று ஐயர் கேட்டார். முதலாளி முடியாது என்றார். அன்று மாலை வரை உட்கார்ந்திருந்தோம். மறுநாளும் போனோம். கூட்டம் கூடி, போலீஸ்காரர் வந்து, பெரிய மனிதர்கள் வந்து பேசி, நான்காவது நாள் உள்ளே இருக்கிற டம்ளர்களிலேயே டீயைச் சமையல் மாஸ்டரே கையில் கொண்டுவந்து வைத்தார். எல்லோருடைய டீயும் ஆறிக்கொண்டிருந்தது. முதலில் யார் குடிப்பது என்று தெரியாமல் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். சின்னம்மா டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சக்கர கம்மி" என்றார். மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையை வைத்து நாங்கள் ஒரு வருஷம் ஓட்டினோம். எங்களைப் பற்றி எங்களுக்கே பெருமையாக இருந்த காலம் அது.

அதற்கு அடுத்த வருஷம் மழை பொய்த்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, செடியிலேயே கருகிவிட்டது. கிணற்றில் இறங்கிக் கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டார்கள். ரேஷன் கடை வாசலில் விடியலிலேயே வரிசை நின்றது, கடை திறந்து பாதி வரிசை போவதற்குள் அரிசி தீர்ந்துவிடும். கூலி வேலை இல்லாததால் சைக்கிள் எடுக்க ஆள் இல்லை. நான் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயர் பிரசங்கம் செய்யவில்லை. அரிசி டின்னைக் காட்டி, "இதுக்கு மேல நான் இன்னா பேசறது. நாளையிலருந்து கோயில் காம்பவுண்டுல கஞ்சி காய்ச்சப் போறோம். யாரு வந்தாலும் ஊத்தப் போறோம். கிறிஸ்தவன், இந்து, துலுக்கன், மேல்சாதி, கீழ்சாதின்னு ஒருத்தரையும் கேக்கக் கூடாது" என்றார். வீட்டுக்கு ஒரு பிடி இரண்டு பிடியாயிற்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த எங்கள் சபை அம்மா ஒரு மூட்டை பாசிப்பயறு வாங்கிக் கொடுத்தார். வேப்ப மரத்தடியில் கீற்றுக் கொட்டகை போட்டோம். சமையல் யார் என்று யாரும் கேட்கவில்லை. சின்னம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்புக்கு மூன்று கல் போட்டார்.

முதல் நாள் சேரிப் பிள்ளைகள் வந்தார்கள். இரண்டாம் நாளும் அவர்கள்தான். சிங்கவரம் பக்கத்துக் கூலிக்காரர்களின் பிள்ளைகளும் வந்தார்கள். ஆனால் உள்ளே வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளிய மரத்தடியில் தாய்மார்கள் இடுப்பில் பிள்ளையோடு நின்றுகொண்டு கொட்டகையைப் பார்த்தார்கள். கஞ்சி வாசனை அங்கே வரைக்கும் போகும். ஐயர் ரோட்டைத் தாண்டிப் போய்க் கூப்பிட்டார். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள், அப்படியே. மீந்த கஞ்சியைச் சேரியில் வீடு வீடாக ஊற்றினோம்.

என் கடையில் வாடிக்கையாகச் சைக்கிள் எடுக்கிற சிங்கவரத்துக்காரர் ஒருவர். ஏர் ஓட்டுகிற கூலி. அவர்தான் சொன்னார். பந்தலில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காத அண்ணாத்தே. எம் பொண்டாட்டியும் அந்தப் புளிய மரத்தாண்டதான் நின்னுட்டு வரா. சின்னதுக்குக் காலு வீங்கிப் பூட்டுது."

"அப்ப உள்ள வர வேண்டியதுதான. யாரு வேணாம்னாங்க?"

"நீங்க வேணாம்னு சொல்லல. ஆக்கறது யாருன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும் இல்ல. நாளிக்கி மழ பேஞ்சா நான் அந்த ஊர்லதான நடக்கணும்." போகத் திரும்பியவர், "வேற கையா இருந்தா வருவாங்க" என்றார்.

அதை நான் சபைக் கமிட்டியில் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அந்தக் கால் வீங்கிய பிள்ளையை நினைத்தால் சொன்னது சரி என்றும் தோன்றும்.

ஐயர் கேட்டவுடன் முடியாது என்றார். "அந்தம்மா ஆக்கறதத்தான் ஊத்தணும். இல்லன்னா போன வருஷம் அந்த ஓட்டல்ல நாலு நாளு எதுக்கு ஒக்காந்தோம்?"

வாத்தியார் எங்கள் சபைக் காரியதரிசி. நிதானமாகப் பேசுவார், பேசி முடிக்கும்போது நாம் அவர் பக்கம் போயிருப்போம். "ஐயரே, டீ குடிக்காம யாரும் சாவ மாட்டாங்க. அதனால அங்க நாலு நாளு நாம புடிவாதமா ஒக்காந்திருக்க முடிஞ்சுது. இது கஞ்சி. பசியில இருக்கறவனுக்குப் பாடம் நடத்தறதா, வயித்துக்கு ஊத்தறதா? மொதல்ல ஊத்துவோம். மத்தத மழை பேஞ்ச பெறகு பேசலாம்."

நர்ஸ் அம்மா அதிகம் பேசவில்லை. "அந்த மரத்தடியில நிக்கறதுல நாலு பிள்ளைங்க முடி செம்பட்டை ஆயிடுச்சு. இன்னும் ரெண்டு வாரம் நீங்க பேசிக்கிட்டிருந்தா அவங்களுக்கு ஒண்ணும் தேவைப்படாது" என்றார்.

அதற்கு மேல் ஐயர் வாதாடவில்லை. யாரை வைப்பது என்று பேச்சு வந்தது. கடைத்தெரு ஓட்டல் மாஸ்டர் காலைப் பலகாரம் முடிந்ததும் சும்மாதான் இருக்கிறார், கேட்டால் வருவார் என்று ஒருவர் சொன்னார். எல்லாச் சாதிக்காரர்களும் அவர் கையால் சாப்பிடுகிறார்கள். சின்னம்மாவிடம் எப்படிச் சொல்வது? நான்தான் வழி சொன்னேன்.

"அவங்களுக்கு முட்டி வலி, வயசாவுது, கொஞ்ச நாளு ஓய்வு குடுக்கறோம்னு சொல்லலாம்."

நல்ல யோசனை என்றார்கள். கையைத் தூக்கினோம். ஐயர் தூக்கவில்லை. எங்களை இறக்கச் சொல்லவும் இல்லை. யோசனை சொன்னவனே போய்ச் சொல்லிவிடட்டும் என்றாயிற்று.

மறுநாள் காலை சின்னம்மா கோயில் படியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பிடி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன்.

"சின்னம்மா, உனுக்கு முட்டி வலின்னு கமிட்டியில பேச்சு வந்துது."

"எந்த முட்டி?"

"ரெண்டும்தான். இத்தினி பேருக்கு நின்னு ஆக்கறியே, கொஞ்ச நாளு ஓய்வா இருக்கட்டும்னு…"

"நேத்து மலை பாதி ஏறிட்டு வந்தேன். அப்ப எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. கமிட்டிக்கு மட்டும் சொல்லி அனுப்பிச்சுதா அந்த முட்டி?"

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"யாரு வராங்க?"

"ஓட்டல் மாஸ்டரு."

"தனி டம்ளரு மாஸ்டரா?" முறத்தை ஒரு தட்டுத் தட்டினார். "நல்லா ஆக்குவாரு. சக்கரதான் கம்மியாப் போடுவாரு. கஞ்சிக்கு அது வேணாம்."

நான் எழுந்திருக்கப் போனேன். "இருடா" என்றார். "எந்த வேல வரைக்கும் என் கை ஆவும்? அதச் சொல்லிட்டுப் போ. அரிசி பொறுக்கலாமா?"

"அவங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடின்னா பொறுக்கலாம்."

"தண்ணி மொண்டு ஊத்தலாமா?"

"அது வேணாம் சின்னம்மா."

"வெறவு?"

"வெறவு ஆவும்."

"ஆமா. வெறவு எரிஞ்சிடுது" என்றார்.

இவ்வளவுதான் பேச்சு. அழவில்லை, கத்தவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

மாஸ்டர் வந்தார். அன்று மத்தியானம் புளிய மரத்தடி காலியாயிற்று. கால் வீங்கிய பிள்ளையை அதன் அம்மா தூக்கிக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் உட்கார்ந்தாள். நர்ஸ் அம்மா அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டியால் ஊட்டினார். பத்து நாளில் வீக்கம் வடிந்தது. பதினைந்தாம் நாள் அது வரிசையில் இன்னொரு பிள்ளையின் தலையில் தட்டை வைத்து அடித்தது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தோம். இதை மறைத்து எழுதினால் அது வேறு விதமான பொய்யாகிவிடும். பிள்ளைகள் பிழைத்தார்கள். மாஸ்டரும் கெட்டவர் இல்லை. மிச்சமாகும் காய்கறிகளை ஓட்டலிலிருந்து கொண்டுவந்து கஞ்சியில் போடுவார்.

சின்னம்மா தினமும் விடியற்காலையில் பின்பக்க வேலியோரம் ஒரு கட்டு விறகைப் போட்டுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தார். பிடி அரிசி கொண்டுவந்து கொட்டினார். மாஸ்டர் காய்ச்சும் கஞ்சியில் அவருடைய அரிசியும் இருந்தது. புளிய மரத்தடியிலிருந்து வந்தவர்களுக்கு அது தெரியாது. எங்களுக்குத் தெரியும். அரிசியில் கை தெரியாது என்று வாத்தியார் ஒரு தடவை சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

ஒரு நாள் மாஸ்டர் வரவில்லை. பத்து மணிக்கு ஓட்டலில் போய்க் கேட்டால், நேற்று ராத்திரியிலிருந்து காய்ச்சல், பாயோடு கிடக்கிறார் என்றார்கள். கொட்டகையில் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து தட்டோடு உட்கார ஆரம்பித்துவிட்டன. நானும் வாத்தியாரும் அண்டாவைப் பார்த்தோம், அண்டா எங்களைப் பார்த்தது. ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, ஊர்க்காரர்களுக்கு ஆகிற கைதான், ஆனால் நாலு பேருக்குச் சமைத்துப் பழகினவர். அத்தனை பெரிய அண்டாவைப் பார்த்ததும் பயந்துவிட்டார். "கூப்பிட்டுக்கிட்டு வா" என்று வாத்தியார் என்னிடம் சொன்னார். யாரை என்று சொல்லவில்லை.

சின்னம்மா குடிசை வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தினி புள்ளைங்க வந்துட்டுது?"

"பாதிக்கு மேல வந்துட்டுது."

"அந்த ஊருப் புள்ளைங்க?"

"அதுங்களும்தான்."

கயிற்றைச் சுருட்டிக் கூரை இறவாணத்தில் செருகினார். என்கூட நடந்தார். பின்பக்க வேலிக்கு வந்ததும் நான் முன்னால் போய், கொட்டகைக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு கீற்றுத் தட்டியை இழுத்து நிறுத்தினேன். அதை யார் சொல்லிச் செய்தேன் என்று பின்னால் என்னை நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன்.

சின்னம்மா தட்டியைப் பார்த்தார். பிறகு அதன் ஒரு மூலையை அவரே பிடித்து இழுத்துச் சரி செய்தார். "நல்லா கட்டி உடு. காத்துல சாயப் போவுது" என்றார்.

தட்டிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் அவர் குனிந்து அடுப்பை ஊதினார், கண் எரிந்தும் இருமவில்லை. அரிசியைப் போட்டார், பயறைப் போட்டார், கையால் உப்பை எடுத்துச் சுற்றிப் போட்டார். அண்டாப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டார். "எடு" என்றார். நானும் வாத்தியாரும் அண்டாவைத் தூக்கித் தட்டியைச் சுற்றிக் கொண்டுபோய் வைத்தோம். ஐயர் முதல் கரண்டி ஊற்றினார். பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்டார்கள், மூன்றாம் தடவை கேட்டார்கள். ஒரு பொம்பளை, "இன்னிக்கி மாஸ்டரு நல்லா ஆக்கியிருக்காரு" என்றாள். ஐயர் அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். நான் திரும்பி வந்து பார்த்தபோது அடுப்பு அணைத்திருந்தது, சாம்பல் வாரியிருந்தது, அவர் போயிருந்தார்.

அன்று சாயங்காலம் சிங்கவரத்துக்காரர் கடைக்கு வந்தார். சைக்கிள் எடுக்க வரவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓட்டல்ல கேட்டேன் அண்ணாத்தே. மாஸ்டரு காச்சல்ல படுத்திருக்கார்னு சொன்னாங்க."

"ஆமா."

"அப்ப இன்னிக்கி ஆக்கனது யாரு?"

அவர் முகத்தைப் பார்த்தேன். நான் சொல்லப் போகும் பதிலில் நாளைக்கு எத்தனை பிள்ளைகள் வரும், எத்தனை புளிய மரத்தடியில் நிற்கும் என்பது இருந்தது. அவருக்கும் அது தெரியும். சின்னம்மா என்று நான் சொல்லிவிடக் கூடாதே என்கிற கவலை என் கண்ணில் இருந்ததோ இல்லையோ, அவர் கண்ணில் இருந்தது.

"ஐயரம்மா ஆக்கனாங்க" என்றேன்.

"ஐயரம்மாவா. அப்ப சரி." மூச்சை விட்டார். "நல்ல கை."

அவர் நகர்ந்த பிறகுதான் பார்த்தேன். பந்தலின் மறுபக்கம், காற்றடிக்கும் பம்பு வைத்திருக்கும் மூலையில், விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சின்னம்மா சொம்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. எங்கள் பேச்சைக் கேட்கிற தூரம்தான். மிச்சத் தண்ணீரைக் குடித்தார். சொம்பைக் கவிழ்த்து வைத்தார்.

"தூக்கி உடட்டுமா சின்னம்மா?"

"வேணாம்."

மண்டிபோட்டு உட்கார்ந்து, கட்டைத் தொடையில் ஏற்றி, தொடையிலிருந்து தோளுக்கு ஏற்றி, தோளிலிருந்து தலைக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு ஆள் துணையில்லாமல் எழுந்தார். இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற கட்டு. எழுந்து போனார்.

அதற்குப் பிறகும் விறகு வந்தது. பிடி அரிசி வந்தது. மணி ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கும்போது என் கடைப் பந்தலில் கட்டு இறங்கவில்லை. ரோட்டின் மறுபக்கமாகவே நடந்து போவார். சொம்பைத் தினமும் கழுவி நிரப்பி வைத்தேன். வேறு யாராவது குடித்துவிட்டுப் போவார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கூலி வேலை கிடைத்தது, வரிசை குறைந்தது, ஒரு நாள் யாருமே வரவில்லை. கொட்டகையைப் பிரித்தோம். தட்டியை வேலிக்கு வைத்துக் கட்டினோம். மழை பெய்த பிறகு பேசலாம் என்று வாத்தியார் சொன்னதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. அன்பின் விருந்துக்கு நாள் குறித்தார்கள். வழக்கம்போல் சின்னம்மாவிடம் சொல்லிவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள். ஒவ்வொரு வருஷமும் நான்தான் போவேன். போனால், "இந்த வருஷமாவது வெங்காயத்த ஒழுங்கா உரிக்க ஆளு போடுங்கடா" என்பார்.

வாசலில் நின்று சொன்னேன். "வாப்பா, ஒக்காரு" என்று மணையை எடுத்துப் போட்டார். அதுவரை எனக்கு அவர் மணை போட்டதில்லை.

"எனக்கு முட்டி வலிப்பா. நின்னு ஆக்க முடியாது."

"சின்னம்மா…"

"ரெண்டும்தான்" என்றார்.

நான் அன்று சாயங்காலம் ஐயரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், ஐயரம்மா பேரைச் சொன்னது உட்பட. "நீ ஒருத்தன் சொன்னது இல்ல அது. மொதக் கரண்டி ஊத்தனது நான்" என்றார். மறுநாள் அவரே சேரிக்குப் போனார். மன்னிப்புக் கேட்டாராம். சின்னம்மா எழுந்து நின்று கைகூப்பி, தண்ணீர் கொடுத்து, ஐயரம்மாவை விசாரித்து, முட்டி வலி என்றுதான் சொன்னாராம்.

மாஸ்டரைக் கூப்பிடலாமா என்று கமிட்டியில் ஒருவர் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். கடைசியில் நானும் வாத்தியாரும்தான் அண்டா ஏற்றினோம். நான் காதை வைத்துக் கேட்டேன். வழக்கம்போல் கொதிக்கிற சத்தம் மட்டும்தான். அடியில் பிடித்துவிட்டது. தீய்ந்த வாடை கோயில் வாசல் வரைக்கும் வந்தது. எல்லோரும் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

சின்னம்மா பந்தியில் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வாளியோடு வந்து அவர் இலைக்கு முன்னால் நின்றேன். திட்டப் போகிறார் என்று நின்றேன். இத மாட்டுக்கு வெச்சா மாடு மொறைக்கும்டா என்று அவர் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. அந்த வருஷம் முழுக்க நான் அதற்குத்தான் காத்திருந்தேன்.

"அடி புடிச்சிடுச்சா சின்னம்மா?"

"இல்லப்பா. நல்லா இருக்குது."

"இன்னும் கொஞ்சம்…"

"போதும்பா. வயிறு ரொம்பிப் போச்சு."

அது பிடி அரிசியில் வடித்த சோறு. தீய்ந்ததையும் சேர்த்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டிருந்தார். இலையை மடித்தார். கையைத் தரையில் ஊன்றாமல், முட்டியைப் பிடிக்காமல், சம்மணத்திலிருந்து அப்படியே நேராக எழுந்து, கை கழுவப் போனார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த இலைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார் என்று பிறகு சொன்னார்கள்.